எடுத்ததைக் காட்டிட்டுப் போங்க

பட்டிப்பொலைக்கு அப்பால்

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டியதும் ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. நுழைகிற பக்கம் மூடுபனியும் தூறலும். வெளியே வந்தால் ஊவா. கண் கூசும் வெயில். ஆகஸ்டில் இந்த மாற்றம் சுளீரென்று தெரியும். தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிட, ஈரம் வடிந்த காற்று மட்டும் இந்தப் பக்கம் இறங்குகிறது. அந்த வறண்ட காற்றில் வாடுகிற கொழுந்தில்தான் ஊவாத் தேயிலையின் பேர்போன மணம் ஏறுகிறதாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை பறிப்பதற்குச் சந்தையில் தனி மரியாதை.

எனக்கு எதிரே நாவலப்பிட்டியில் ஏறிய ஓர் அம்மா. பதுளையில் மகளுக்குப் பிரசவம். “இந்தியாவுல எந்தப் பக்கமுங்க?” என்றார். அம்பாசமுத்திரம் என்றேன். அவருடைய தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம். “போனதில்ல. ஊர்ப் பேரு மட்டும் வீட்ல சொல்லிக்கிட்டே இருப்பாங்க.” பொலித்தீன் தாளில் சுற்றியிருந்த தேங்காய் ரொட்டியைப் பிய்த்து, கட்டச் சம்பலோடு என் கையில் வைத்தார். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டுத் தடிமனாகத் தட்டிய ரொட்டி. தோட்டத்தில் காலையில் இதைத் தின்றுவிட்டு மலைக்குப் போனால் மத்தியானம் வரை பசிக்காது. பாதி ரொட்டியிலேயே எனக்கு அது புரிந்துவிட்டது. அவர் இரண்டாவதையும் வைத்தார். கதவோரத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் வெளியே சாயவிட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். “விழுந்துடாதீங்கடா” என்று அம்மா தமிழிலேயே அவர்களை எச்சரித்தார்.

நான் இந்த ரயிலில் ஏறியதற்குக் காரணம் ஒரு பழைய படம். பசில் ரைட் என்ற ஆங்கிலேய இளைஞர் 1934 இல் இலங்கைக்கு வந்து எடுத்த ‘சாங் ஆஃப் சிலோன்’. ஆவணப்படம் படிக்கிற மாணவர்கள் தொடக்கத்திலேயே பார்த்தாக வேண்டிய படங்களில் ஒன்று. காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரச்சார சபை. தயாரித்தவர் ஜான் கிரியர்சன். 1926 இல் ஒரு பட விமர்சனத்தில், இந்தத் துறைக்கு இன்று வழங்குகிற ஆங்கிலப் பெயரை எழுதிவைத்தவர். தேயிலை விற்க எடுத்த படத்தில் தேயிலை கொஞ்சம்தான். சிவனொளிபாத மலை ஏறும் பக்தர்கள், புத்தர் சிலைகள், கண்டிய நடனம் என்று நகர்கிற நான்கு பகுதிகளில், மூன்றாவதில்தான் வியாபாரம் தலைகாட்டுகிறது: ரயில், மரத்தை முட்டிச் சாய்க்கும் யானை, கப்பல், கொழுந்து பறிக்கும் பெண்கள். 1935 இல் பிரஸ்ஸல்ஸ் படவிழாவில் முதல் பரிசு வாங்கியது.

ரைட்டின் கேமரா சாவி கொடுத்து ஓடுவது. அதில் ஒலி பதியாது. படத்தில் நாம் கேட்பதெல்லாம் பிறகு லண்டனில் சேர்த்தவை. விவரணையாக வருவது ராபர்ட் நாக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் வாசகம். நாக்ஸ் கண்டி அரசில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயக் கப்பற்காரர். படத்தில் அந்த வாசகத்தைப் படித்தவர் கொழும்பின் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட். மூன்றாம் பகுதியில் சந்தை விலையும் ஏற்றுமதிக் கணக்கும் சொல்கிற வியாபாரக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் குரல் இல்லை. அவர்கள் தமிழ் பேசுகிறவர்கள் என்பதைக்கூட அந்தப் படத்திலிருந்து ஒருவரும் தெரிந்துகொள்ள முடியாது.

வகுப்பில் இந்தப் படத்தைப் போட்டு, காட்சியையும் ஒலியையும் முட்டவிடுகிற அதன் கெட்டிக்காரத்தனத்தைப் பல வருடம் புகழ்ந்து பேசியிருக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: “சார், இதுல வர்ற அம்மாக்களோட பேத்திங்க யாராவது இதப் பார்த்திருப்பாங்களா?” நல்ல கேள்வி. படத்தின் மூன்றாம் பகுதியைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஹப்புத்தளை

ஹப்புத்தளை ஒரு கத்தி முனையில் கட்டிய ஊர். கடைத்தெருவின் ஒரு பக்கம் எட்டிப்பார்த்தால் தெற்கே சமவெளி மங்கலாக விழுகிறது. மறு பக்கம் ஊவாவின் மலைகள். அங்கிருந்து தம்பேதன்ன தொழிற்சாலைக்குப் போகும் சின்ன பஸ்ஸில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள், மீதிப் பேர் லிப்டன் சீட் என்ற காட்சிமுனையைப் பார்க்கப் போகிறவர்கள். தாமஸ் லிப்டன் 1890 இல் கட்டிய தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. பக்கத்தில் போனால் வாடிய இலையின் வாசம் தொண்டைவரை இறங்கும்.

தொழிற்சாலைக்கு மேலே போகும் பாதையில் எட்டுப் பத்துப் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு, முதுகில் பை. பிரம்புக் கூடை குறைந்துவிட்டது. இப்போது நைலான் பைகள். நிறுவைக்கு இன்னும் நேரமிருந்தது. வரிசையின் ஓரத்தில் நின்ற அக்காவிடம் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“எடுங்க. எடுத்ததைக் காட்டிட்டுப் போங்க.”

எடுத்தேன், காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு அவர் சொன்ன குறை என் தொழிலையே தொட்டது. “என்னாங்க சேர், மூஞ்சிய மட்டும் எடுத்திருக்கீங்க? கொழுந்து எடுக்குறது கைதானே?” பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். மறுபடி எடுத்தேன். இந்த முறை அவர் கட்டைவிரலும் சுட்டுவிரலும் செடியின் மேல் ஓடுகிற வேகத்தில் என் படம் கலங்கிவிட்டது. அதுதான் அவருக்குப் பிடித்தது. “இதுதான் வேல செய்ற மாதிரி இருக்கு.”

தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் எத்தனை சிரித்த முகங்கள்! கொழுந்து எடுப்பவர் நாள் முழுக்கக் குனிந்தே நிற்பவர். கேமரா வந்தால்தான் நிமிர்கிறார். குறித்த கிலோ வராவிட்டால் அன்று அரைப் பேர்தான் விழும். பேர் என்றால் இங்கே ஒருநாள் சம்பளம். படத்துக்கு நின்ற நேரத்தில் பறிக்காமல் போன கொழுந்தை யார் கணக்கில் எழுதுவது என்று இன்னொருவர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், கை மட்டும் நிற்கவில்லை. வெள்ளைக்காரர்கள், கொழும்புக்காரர்கள், டிவிக்காரர்கள் என்று வருடம் பூராவும் யாராவது வருகிறார்கள். திரும்பி வந்து காட்டியவர்கள் உண்டா என்றேன். “அட்ரஸ் வாங்கிட்டுப் போவாங்க” என்றார் அந்த அக்கா. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

தெமோதரை

1921 இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதை அத்தனை பேரும் எடுத்துவிட்டார்கள். நான் நின்ற நேரத்தில் மூன்று டிரோன்கள் ஒன்றின் காட்சிக்குள் ஒன்று புகுந்துவிடாமல் விலகி விலகிப் பறந்தன. இளநீர் விற்கிற தம்பி, எந்த ரயில் எந்தத் திசையில் எப்போது வரும், புகை மாதிரிப் பனி எந்த மாதம் படியும், எங்கே நின்றால் ஆள் தெரியாமல் பாலம் மட்டும் விழும் என்று ஒளிப்பதிவாளர்களுக்கே பாடம் எடுக்கிறார். அடுத்த நிலையம் தெமோதரை. அங்கே தண்டவாளம் மலையைச் சுற்றிவந்து நிலையத்தின் அடியிலேயே நுழைந்து போகிறது. மேலே நின்று கீழே போகும் ரயிலைப் பார்த்தால் குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் கைதட்டுகிறார்கள்.

பதுளை

ரயில் பாதை 1924 இல் பதுளையில் வந்து முடிந்தது. மலையகத்தின் கடைசி நிலையம் என்ற சோம்பல் இன்னும் ஊரில் இருக்கிறது. முதியங்கனை விகாரையின் வெள்ளைத் தூபி, பஸ் நிலையத்தின் இரைச்சல், சிங்களமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் மாறிமாறி வரும் காய்கறிக் கடைகள், எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற நமுனுகுல மலை. அம்பாசமுத்திரத்துக்காரனுக்கு மலையடிவார ஊர் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊரில் மலையிலிருந்து இறங்கி வந்தவர் யாரென்று பார்த்ததும் சொல்லிவிடலாம். பதுளையில் முடியவில்லை. டவுனில் கடை வைத்திருப்பவர், பள்ளிக்கூடத்து ஆசிரியர், வக்கீல் என்று பாதிப் பேருக்குத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, அங்கே ஒரு பாட்டி.

அப்படி ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சிவப்புப் பச்சரிசிச் சோறு, பருப்பு, மாசி போட்ட சம்பல், வல்லாரைச் சுண்டல். சாப்பிட்டுக்கொண்டே ஒரு வரலாற்றைச் சொன்னார். அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கியது 1948 இல். தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டமும் அதே 1948. இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் போன்ற பெரிய கலைஞர்கள் அந்தப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். பீரிஸின் ‘ரேகாவ’ படம் 1956 இல் வந்தது. ஆனால் அந்தக் காலத்து ஆவணப்படத்தின் வழக்கம் ஒன்றுதான்: கேமரா ஊமை, மேலே ஒரு கனத்த குரல் எல்லாவற்றையும் விளக்கும். விளக்கப்படுகிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். 1960 வாக்கில், தோளில் தூக்கும் கேமராவும் அதோடு பிசகாமல் ஓடும் சின்ன ஒலிப்பதிவுக் கருவியும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வந்து, தெருவில் போகிறவர் பேசுவதை அப்படியே பிடிக்க முடிந்தபோது, அந்தக் கனத்த குரலுக்கு அங்கே மவுசு குறைந்தது. ஜான் ரூஷும் எட்கர் மொரானும் பாரிஸ் வீதியில், மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று மைக்கை நீட்டிக் கேட்டது அப்போதுதான். மலையகத்துக்கு மைக் வர இன்னும் காலம் பிடித்தது.

1970களில் பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி, ஒரு கோப்பைத் தேநீரின் விலை என்ன என்ற கேள்வியோடு பிரிட்டிஷ் கம்பெனித் தோட்டங்களின் வறுமையைப் படம்பிடித்து அங்கே காட்டியது. “நம்மளப் பத்தின படம்னு கேள்விப்பட்டிருக்கேன். பாத்ததில்ல” என்றார் ஆசிரியர். அவர் பார்த்தது, தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975 இல் எடுத்த ‘புதிய காற்று’. கதைப்படம்தான். “ஆனா திரையில மொதத் தடவ நம்ம மலை, நம்ம ஆளுங்க. கதை யாருக்கு ஞாபகம்? பின்னாடி தெரிஞ்ச லயத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்.”

மாலையில் அவரே என்னை ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். கடைசியில் இந்தப் பயணத்தின் பெரிய கண்டுபிடிப்பு அந்தக் கடைதான். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். வீடியோ கேமரா மலைக்கு வந்த காலத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பசறை, லுணுகலை, பண்டாரவளை, பூனாகலை, கொஸ்லந்தை என்று போய் எடுத்தவர். கல்யாணம், சடங்கு வீடு, அம்மன் திருவிழா, மாசி மாதத்துக் காமன் கூத்து, சில இடங்களில் சாவு வீடும். “நான் டொகியுமென்ட்ரி எல்லாம் எடுத்ததில்ல சேர். கல்யாணம்தான்” என்றார். பின்அறையில் கூரைவரை வீடியோ நாடாக்கள். முதுகில் பேனாவால் தோட்டத்தின் பெயர், டிவிசன், வீட்டுக்காரர் பெயர், வருடம்.

ஒன்றைப் போட்டுக் காட்டினார். 1990களின் ஒரு சடங்கு. பெண்ணை உட்காரவைத்து மாமன் சீர் வருகிறது. கேமரா அதைவிட்டு மெல்ல விலகி, லயத்தின் தகரக் கூரை, வாசலில் அடுக்கிய விறகு, பீலித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் வாளிகள், வேடிக்கை பார்க்கிற ஐம்பது முகங்கள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகிறது. யாரையும் விட்டுவிடக் கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி. விட்டுப்போன சொந்தக்காரர் சண்டைக்கு வருவார். அந்தப் பயத்தால் ஒரு லயத்தின் முழு மக்கள்தொகையும் பெயரோடும் உறவோடும் நாடாவில் இருக்கிறது. பின்னால் பேச்சுச் சத்தம் வேறு: கடன், பங்களாத் துரையைப் பற்றிய கேலி, யாரோ சவூதிக்குப் போகிற கதை.

என்னைக் கேட்டால் மலையகத்தின் முதல் பெரிய ஆவணப்படம் இந்த அறைதான். இங்கே படத்தில் இருப்பவரே படத்துக்குக் காசு கொடுத்தவர். முதல் பிரதி அவர் வீட்டுக்குப் போனது. நன்றாக இல்லையென்றால் பாக்கிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார். எந்த ஆவணப்படப் பாடநூலிலும் இதற்கு இடமில்லை. பில் நிக்கல்ஸ் ஆவணப்படத்தை ஆறு முறைகளாகப் பிரித்தார்; கல்யாண வீடியோக்காரர் எதற்குள்ளும் அடங்கமாட்டார்.

நாடாக்களில் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஓட்டும் கருவி ஒன்றுதான் உருப்படியாக இருக்கிறது. ஒழிந்த நேரத்தில் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றுகிறார், சொந்தச் செலவில். எனக்கு ஏ. கே. செட்டியார் ஞாபகம் வந்தது. தமிழில் பயண எழுத்துக்கு முன்னோடி, ஆவணப்படத்துக்கும் முன்னோடி. யார் யாரோ எடுத்து எங்கெங்கோ கிடந்த ஏறத்தாழ 50,000 அடிச் சுருள்களை உலகம் சுற்றித் தேடிச் சேர்த்துத்தான் 1940 இல் காந்தி படத்தை வெளியிட்டார். புதிதாக எடுப்பதைவிட எடுத்ததைத் தேடுவது பெரிய வேலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பதுளையில் தேடக்கூட வேண்டாம். அறையைத் திறந்தால் போதும். பக்கத்திலேயே 2005 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. நாலு மாணவர்கள் ஒரு விடுமுறையை இந்த அறைக்குக் கொடுக்கலாம்.

பசறைப் பாதையில்

பசறை போகும் பாதையில், ஒரு தோட்டத்தின் பணிய டிவிசனில் இறங்கினேன். என்னை வரச்சொன்ன தம்பிக்கு இருபத்து மூன்று வயது. கொழும்பில் துணிக்கடையில் வேலை. லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்து ஒரு படம் எடுக்கிறார். விஷயம், கடிதம். லயத்தில் வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வருகிற கடிதம் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து கைமாறி எப்போதாவது வீட்டுக்கு வரும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம், வங்கிக் கடிதம், வெளிநாட்டிலிருந்து மகள் எழுதியது என்று பிந்தி வந்தவற்றைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவரும் பேசுகிறார்கள். ஒரு போனில் படம். இன்னொரு போன் பேசுகிறவரின் சட்டைப் பைக்குள், ஒலிக்காக. இரண்டையும் ஒருசேரத் தொடங்க ஒரு கைதட்டு. கிரியர்சன் காலத்தில் லாரி நிறையக் கருவி வேண்டியிருந்த வேலை.

இந்தத் தலைமுறைக்குப் போன் புதிதல்ல. 2018 இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் திரண்டபோது, டிவி சொன்னதைவிடப் போனில் பரவியதுதான் அதிகம். 2023 இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களும் நடந்தபடியே பதிந்தார்கள்.

இரவு கோவில் முன்றலில் வேட்டியைக் கட்டித் திரை. பிளேன்டியும் ரஸ்க்கும் சுற்றி வந்தன. முதலில் என் பென் டிரைவ். பெண்கள் கொழுந்து எடுக்கும் காட்சி வந்ததும் கூட்டம் சலசலத்தது. “கொண்டைய பாரு”, “கூடைக் கயிறு நெத்தியில”, “எந்தத் தோட்டம்டா இது?” என்று ஒரே நேரத்தில் பத்துக் குரல். மேலே லண்டன் குரல்கள் ஆங்கிலத்தில் விலை சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு சிறுமி, யார் பேசுறது என்று கேட்டாள். தம்பி சொன்னார்: “விலை பேசுறாங்க.” “யாரு வில?” என்றார் ஓர் ஆயா. “தேயில வில, அப்பாயி.” “அதான பாத்தேன்.”

யாரோ சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். தம்பி அடியோடு நிறுத்திவிட்டார். மறுபடி அதே காட்சி, ஊமையாக. இப்போது முன்வரிசைப் பெண்கள் தாங்களே பேச ஆரம்பித்தார்கள். திரையில் ஒருத்தி தலையைத் திருப்பினால் இங்கே ஒருவர், “ஏய், கங்காணி வர்றான், கைய ஓட்டு” என்றார். பக்கத்திலிருந்தவள் பதில் சொன்னாள். சிரிப்பும் ஏச்சுமாக மூன்று முறை ஓட்டச் சொன்னார்கள். எனக்கு ஜான் ரூஷின் கதை ஞாபகம் வந்தது. நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையைப் படமெடுத்த ரூஷ், 1954 இல் அதே ஊருக்குத் திரும்பிப்போய் அவர்களுக்கே போட்டுக் காட்டினார். வேட்டைக் காட்சிக்கு அவர் சேர்த்திருந்த இசையை வேடர்கள் ஏற்கவில்லை: வேட்டையில் சத்தமே கூடாது, நீர்யானை ஓடிவிடும் என்றார்கள். ரூஷ் இசையை எடுத்துவிட்டார். எந்த விமர்சகரும் கண்டுபிடிக்காத பிழை. இதைத் தம்பியிடம் சொன்னபோது, “சரியாத்தானே சொல்லியிருக்காங்க” என்றார், அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோல.

பிறகு அவருடைய படம். அரைகுறையாகத் தொகுத்தது. இங்கேதான் நிஜமான வகுப்பு நடந்தது. ஒரு பெரியப்பா, தான் தள்ளாடிக்கொண்டு வருகிற காட்சியை வெட்டச் சொன்னார். உடனே வெட்டுவதாகத் தம்பி ஒத்துக்கொண்டார். ஓர் அக்கா, ஆபீசில் கிளார்க்கோடு சத்தம் போடுகிற காட்சி. அவர் பயந்தார். “வெட்டிடு தம்பி, நாளைக்கு நான்தான் அங்க போய் நிக்கணும்.” மற்றவர்கள் விடவில்லை: “அதுதாண்டி படமே.” ஒருமணி நேரம் வாதம். கோவில் தலைவர் இரண்டு பக்கமும் பேசினார். கடைசியில் அந்த அக்காவே ஒரு வழி சொன்னார்: குரல் இருக்கட்டும், முகம் வேண்டாம், அந்த இடத்தில் மூடின ஆபீஸ் ஜன்னலைப் போடு. நான் பத்து வருடம் சொல்லிக்கொடுத்தாலும் இப்படி ஒரு வெட்டு என் மாணவர்களுக்குத் தோன்றுமா, தெரியாது.

1967 இல் கனடாவின் ஃபோகோ தீவில் காலின் லோ என்ற இயக்குநர் இதைத்தான் செய்தார். மீனவர்களை எடுத்து, அவர்களுக்கே முதலில் காட்டி, வேண்டாம் என்றதை எடுத்துவிட்டு, பிறகுதான் வெளியே காட்டினார். அரசாங்கம் காலிசெய்ய நினைத்த தீவு தன்னைத்தானே பார்த்துப் பேசத் தொடங்கியது. இன்று அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். தம்பி ஃபோகோவைக் கேள்விப்பட்டதில்லை. ஏன் எல்லோரிடமும் கேட்கிறீர்கள், இயக்குநர் நீங்கள்தானே என்று சீண்டிப் பார்த்தேன். “நாளைக்குக் காலைல இவங்க பீலியிலதானே சேர் நான் தண்ணி புடிக்கணும்?” என்றார்.

எங்கள் பக்கம் மாஞ்சோலை இருக்கிறது. 1929 இல் குத்தகைக்குப் போன மலை. அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயன் வீடு. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போனவர்களில் 17 பேர் போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கி மாண்டார்கள். ஆர். ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ அதை அழியாமல் பிடித்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு ஆவணப்படத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் மாஞ்சோலையின் கல்யாணங்களும் தண்ணீர் வரிசைகளும் வம்புப் பேச்சும் எந்தப் படத்திலாவது இருக்கின்றனவா? இப்போது குத்தகை முடியப்போகிறது, மலையைக் காலிசெய்கிறார்கள். அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் பழைய வீடியோக் கடைகள் இருந்தன. போனதும் விசாரிக்க வேண்டும் என்று பசறையில் குறித்துக்கொண்டேன்.

கொஸ்லந்தை

பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைக்கு இறங்கும் பாதை குறுகலானது, பஸ் திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். இறங்க இறங்க வெக்கை. தேயிலை குறைந்து மிளகும் பாக்கும் தலைகாட்டும். தியலும நீர்வீழ்ச்சி பார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம் இறங்கினார்கள். நான் மீரியபெத்தைக்குத் திரும்பினேன்.

2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து இங்கே லயங்களை மூடியது. மண்சரிவு அபாயம் இருக்கிறது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை வந்திருந்தது. போவதற்கு வேறு வீடு யாரும் கட்டிக்கொடுக்கவில்லை. சரிந்த பிறகுதான் கேமராக்கள் வந்தன, நாட்டிலிருந்த அத்தனை டிவியும். அந்த ஒருவாரக் காட்சிகளே ஒவ்வொரு அக்டோபரிலும் திரும்பத் திரும்ப ஓடுகின்றன: மண், மண்வெட்டும் இயந்திரம், அழுகிற பெண். இப்போது சரிவின்மேல் புல்லும் செடியும் ஏறிவிட்டன.

தப்பியவர்கள் வேறிடத்து வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்தில் தேத்தண்ணி கொடுத்தார்கள். கேமராவைப் பையிலேயே வைத்திருந்தேன்; அந்த வீட்டு அண்ணன் அதைக் கவனித்துவிட்டு, “எடுக்கலியா?” என்றார். வேண்டாம் என்றேன். “எடுத்தாலும் ஒண்ணுமில்ல. எங்க அம்மா படமே எங்ககிட்ட இல்ல. அல்பம், கல்யாணக் கேசட் எல்லாம் உள்ள போயிருச்சு. டிவியில வர்றது மண்ணு மட்டும்தானே, அம்மா இல்லியே.” யார் கல்யாணத்தை எடுத்தது என்று கேட்டேன். பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருவாராம். பெயர் மறந்துவிட்டது, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சாப்பாட்டுப் பந்திக்கு வந்துவிடுவார் என்பது மட்டும் ஞாபகம்.

வாசலிலிருந்தே ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டேன். அண்ணன் பேசினார். வருடம், டிவிசன், மாப்பிள்ளை பெயர், அந்த வருடம் மழை பெய்து பந்தல் சாய்ந்தது என்று அடையாளங்களைச் சொன்னார். மறுமுனையில் நாடாக்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. அன்று கிடைக்கவில்லை.

ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்துக் கிடைத்தது. அந்தக் கல்யாணம் அல்ல. அதே லயத்தில் வேறொரு வீட்டின் சடங்கு. ஆனால் அண்ணனின் அம்மா அதில் இருக்கிறார், ஆரத்தித் தட்டோடு, தெளிவாக. வழக்கம்போல் கேமரா லயம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. அதில் இன்று உயிரோடில்லாதவர்கள் பலர். தன் அம்மா வருகிற பகுதியை மட்டும் வெட்டித் தரும்படி அண்ணன் கேட்கிறார். சடங்கு வீட்டுக்காரர்கள், அது தங்கள் படம், தங்களுக்கு முதலில் வேண்டும் என்கிறார்கள். எல்லோரையும் கூட்டி ஒரே இரவில் போட்டுவிடலாம் என்று பசறைத் தம்பி யோசனை சொல்லியிருக்கிறார். வேட்டியும் புரொஜெக்டரும் தன் பொறுப்பு என்கிறார். வேண்டாம், பெண்கள் தாங்கமாட்டார்கள் என்று ஒரு பெரியவர் தடுத்திருக்கிறார். அந்தப் பெரியவரின் மனைவி, நான் தாங்குவேன், போடுங்கள் என்றாராம்.

போன வாரம் ஸ்டூடியோக்காரர் பேசினார். “கொப்பி போடுற செலவு பிரச்சினை இல்ல சேர், அத நான் பாத்துக்குறேன். யாருக்கு மொதல்ல காட்டுறதுங்குறதுலதான் இழுபறி. வர்ற ஞாயித்துக்கிழம கோவில்ல கூட்டம் வச்சிருக்காங்க.”